வெட்டவெளியில் வெளிமான்: துரத்தாமல் படமெடுப்பது

கேள்வி இதுதான்: "கோடியக்கரைக்கு மூன்று தடவை போய்விட்டேன், ஓடுகிற மானின் பின்பக்கம்தான் கிடைக்கிறது. எந்த மாதம் போனால் நல்லது, எவ்வளவு கிட்டப் போகலாம், என்னிடம் இருக்கிற 300 மி.மீ. லென்ஸ் போதுமா?"

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் நடுவில் இருக்கிற கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பின்பக்கம் மட்டுமே கிடைப்பதற்குக் காரணம் மாதமும் இல்லை, லென்ஸும் இல்லை, நீங்கள் கிட்டப் போவதுதான். காட்டுக்குள் புள்ளிமானைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லாருமே வெளிமானிடம் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். மரத்துக்கு மரம் ஒளிந்து போகிற வித்தை புல்வெளியில் செல்லாது. அங்கே ஒளிய இடமே இல்லை. நீங்கள் மானைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே மான் உங்களைப் பார்த்துவிட்டது. அப்புறம் நீங்கள் குனிந்து பதுங்கிப் போனால் அது நரி வருகிற மாதிரிதான் அதற்குத் தெரியும்.

முதலில் இது எந்த விலங்கு என்று சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நாம் வெளிமான், திருகுமான், பழைய தமிழில் இரலை என்றெல்லாம் சொல்கிற இது, உண்மையில் புள்ளிமான், கடமான் சாதி கிடையாது. புள்ளிமானுக்குக் கிளைக்கொம்பு, அது விழுந்து மறுபடி முளைக்கும், முளைக்கும்போது மேலே மெல்லிய ரோமத்தோல் மூடியிருக்கும். வெளிமானுக்கு ஆடு மாடு மாதிரி விழாத கொம்பு, முதலில் வந்த அதே கொம்புதான் ஆயுசுக்கும் வளரும். அதனால் கொம்பைப் பார்த்தே வயசு சொல்லலாம். முதல் வருஷம் முள் மாதிரி நேராக நிற்கும், இரண்டாம் வருஷம் திருகு விழ ஆரம்பிக்கும், மூன்றாம் வருஷம் வாக்கில் முழுத் திருகும் வந்து உடம்பும் கறுக்கத் தொடங்கும். அதே கொம்பை வைத்து ஆளையும் அடையாளம் பிடிக்கலாம். ஒன்றுக்கு நுனி உடைந்திருக்கும், ஒன்றுக்கு இடது கொம்பு கொஞ்சம் அகன்று போயிருக்கும். நான் போகும்போதெல்லாம் ஒவ்வொரு பெரிய ஆணின் கொம்பையும் நேர் முகமாக ஒரு படம் எடுத்து வைத்துவிடுவேன். அழகுக்கு இல்லை, அடுத்த தடவை வரும்போது இவன்தான் அவன் என்று தெரிந்துகொள்ள.

வெளிமான் நம்பியிருப்பது கண்ணை. மூக்கும் காதும் அப்புறம்தான். பக்கவாட்டில் வைத்த பெரிய கண், கிடைமட்டமான கண்மணி, தலையைத் திருப்பாமலே தொடுவானம் முழுக்க அதன் பார்வையில் இருக்கும். ஏதாவது சந்தேகம் வந்தால் ஒன்று துள்ளும், நேராக மேலே, நாலு காலும் ஒன்றாகத் தரையை விட்டுக் கிளம்பும். அதைப் பார்த்து மந்தை முழுக்கத் துள்ளும், அப்புறம் ஓட்டம். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. இந்த வேகம் வெறும் நரிக்காக வந்தது இல்லை. இந்தியப் புல்வெளிகளில் இதைத் துரத்தியது சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா. 1952-ல் சிவிங்கிப்புலி இங்கே அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள், ஆனால் மானின் கால் அதை இன்னும் மறக்கவில்லை. ஆகவே ஓட்டத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், வண்டியிலும் சரி நடையிலும் சரி.

அப்போ என்ன செய்வது? மறைய முடியாத இடத்தில் மறையாமல் இருப்பதுதான் வழி. வண்டித்தடத்தில் மெதுவாக வந்து, மந்தைக்கு நேராக வண்டியை நிறுத்தாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சும்மா இருங்கள். முதல் இருபது நிமிஷம் கேமராவைத் தூக்க வேண்டாம். வனத்துறை ஆள் கூட வந்து, இறங்க அனுமதியும் இருந்தால், மான்கள் பார்க்கும்படியாகவே நடந்து போய்ப் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். நேருக்கு நேர் வருகிறவனை எந்த மானும் நம்பாது. குறுக்கே போகிறவனை, மாடு மேய்க்கிறவர்களைப் பார்த்துப் பழகிய மந்தை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சட்டை நிறத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறார்கள். குளம்பு விலங்குகளுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கிற பார்வை குறைவு, ஆனால் வெள்ளையும் பளிச்சென்ற நீலமும் நன்றாகவே தெரியும். அதைவிட ஆயிரம் மடங்கு முக்கியம் அசைவு. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு கையை ஆட்டிப் பேசுகிறவரைவிட, சிவப்புச் சட்டையோடு அசையாமல் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் மான் மேய்ந்துகொண்டே வரும்.

எவ்வளவு கிட்ட என்று மீட்டரில் சொல்ல முடியாது, மான்தான் சொல்லும். எல்லாத் தலையும் புல்லில் இருந்தால் நீங்கள் ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தம். ஒரு தலை நிமிர்ந்தால் பரவாயில்லை, அது எப்போதும் நடப்பதுதான். இரண்டு மூன்று தலை ஒன்றாக நிமிர்ந்து, காது இரண்டும் உங்கள் பக்கம் திரும்பி, மெல்லுவதும் நின்றுவிட்டால் அதுதான் எல்லை. அங்கேயே நில்லுங்கள், முடிந்தால் இரண்டு அடி பின்னால் போங்கள். முன்னங்காலால் தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே தாமதம். அந்த எல்லைக்கு வெளியே அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த எல்லையே சுருங்கும். அதைத் தாண்டிப் போனீர்கள் என்றால் அன்றைக்குக் காலை போச்சு, உங்களுக்கு மட்டுமில்லை, பின்னால் வருகிற எல்லாருக்கும்.

இதில் உங்களுக்கு ஒரு பெரிய உதவி இருக்கிறது, பெரும்பாலோர் கவனிக்காதது. மந்தையை விட்டுவிட்டுத் தனியாக நிற்கிற கறுத்த ஆணைத் தேடுங்கள். மந்தை எங்கே வேண்டுமானாலும் போகும், இவன் போகமாட்டான். தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து வைத்திருப்பான், விரட்டினால் ஒரு வட்டம் அடித்துவிட்டு அங்கேயே திரும்பி வருவான். அவன் இடத்தைக் கண்டுபிடிப்பதும் சுலபம். புல் தேய்ந்த ஒரு திட்டில் புழுக்கை குவிந்து கிடக்கும், நாள்தோறும் அதே இடத்தில் போட்டுப் போட்டுக் குவிந்தது, பழசு வெளுத்துச் சாம்பலாக, புதுசு கறுப்பாக மினுங்கிக்கொண்டு. காலையில் அவன் அந்தக் குவியலுக்கு வந்து நிற்பான் என்று கணக்குப் போட்டு, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு தை மாசக் காலையில்தான், ஒரு ஆண் தன் நிலத்துக்கு வாசனையால் அடையாளம் வைப்பதை நான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். குவியலுக்கு வந்தான், மோந்தான், திரும்பி நின்று புழுக்கை போட்டான். அப்புறம் முழங்கால் உயரத்தில் நின்ற ஒரு காய்ந்த குச்சியிடம் போனான். கண்ணுக்குக் கீழே, முகத்தில், ஒரு கோடு மாதிரி மூடியிருந்த சுரப்பி மெல்ல விரிந்து கறுப்பாக ஒரு பை மாதிரி திறந்தது. அவ்வளவு பெரிய கொம்பு வைத்த தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, கண்ணில் குத்திக்கொள்வானோ என்று நான் பதறுகிற அளவுக்கு, அந்தக் குச்சியின் நுனியைச் சரியாக அந்தப் பைக்குள் விட்டு எடுத்தான். குச்சி நுனியில் மை வைத்த மாதிரி ஒரு பொட்டு. இடது பக்கம் முடித்து வலது பக்கம். அதற்குள் பெண் மான்கள் நாலைந்து அந்தப் பக்கமாக வந்ததும் ஆளே மாறிப்போனான். மூக்கை வானத்துக்குத் தூக்கினான், கொம்பு இரண்டும் முதுகில் படிந்தன, காது தொங்கியது, வால் மேலே சுருண்டது, சின்னச் சின்ன அடியாக வைத்து, தொண்டைக்குள் உறுமிக்கொண்டே அவற்றைச் சுற்றி வந்தான். இந்த நேரத்தில் எடுக்கிற ஒரு படம், ஓடுகிற மானின் நூறு படத்துக்குச் சமம்.

சரி, மாதம். கோடியக்கரையை வைத்தே சொல்கிறேன். 1967-ல் முக்கியமாக வெளிமானுக்காகவே சரணாலயம் ஆக்கிய இடம் அது.

என் கணக்கில் தை, மாசிதான் முதலிடம். வடகிழக்குப் பருவமழை முடிந்து தரை பச்சையாக இருக்கும், காற்று அடங்கியிருக்கும், விடிகாலையில் பனி, எட்டரை ஒன்பது வரைகூட வெளிச்சம் மென்மையாக இருக்கும். பச்சைப் புல்லின் மேல் கறுத்த ஆண், வெள்ளை வயிறு, இதைவிட நிறச் சேர்க்கை வேறு கிடையாது. நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வடநாட்டுப் படங்களில் பார்க்கிற கரிக்கறுப்பை இங்கே எதிர்பார்த்துப் போகாதீர்கள். தெற்கே ஆண்கள் பெரும்பாலும் அடர் பழுப்போடு நின்றுவிடும், அதுவும் பருவத்துக்குப் பருவம் வெளுக்கும், கறுக்கும். படத்தில் கறுப்பைக் கூட்டிக் கரியாக்குகிறார்கள், அது அந்த மண்ணின் மானுக்குச் செய்கிற துரோகம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பங்குனியிலிருந்து வெயில். புல் வெளுத்து வைக்கோல் நிறமாகும், நல்ல தண்ணீர் குறையும், அங்கே காட்டுத்தனமாகத் திரிகிற குதிரைகளும் அதே புல்லுக்கும் அதே தண்ணீருக்கும் போட்டிக்கு வரும். வெளிமான் எந்த மாதத்திலும் குட்டி போடும், ஆனாலும் இணை சேர்வதில் இந்தியாவில் பொதுவாக இரண்டு உச்சம் சொல்வார்கள், மார்ச் முதல் மே வரை ஒன்று, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஒன்று. ஆகவே சண்டை, துரத்தல் எல்லாம் பார்க்க வெயில்காலம் மோசமில்லை. மோசமானது கானல். இது பலருக்குப் புரிவதில்லை, லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குக் கொடுத்தவர்கள்கூட உண்டு. சூடான தரைக்கு மேலே காற்று நெளிகிறது, நூற்றைம்பது மீட்டர் அந்தக் காற்றுக்குள் பார்த்தால் எந்த லென்ஸிலும் கூர்மை வராது. பெரிய லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். அடையாளம் என்னவென்றால், வரிசையாக எடுத்த பத்துப் படமும் பத்து விதமாகக் குழம்பியிருக்கும். தரையோடு தரையாகப் படுத்து எடுத்தால் படம் அழகு என்பது உண்மை, ஆனால் கானல் தரையை ஒட்டித்தான் அதிகம், அதனால் படுத்து எடுப்பதை விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் வண்டியின் உயரத்திலிருந்து, பக்கத்தில் இருப்பதை மட்டும். ஏசி போட்ட வண்டியின் கண்ணாடியை இறக்கி உடனே எடுத்தாலும் இதே குழப்பம் வரும். உள்ளே குளிர், வெளியே சூடு, இரண்டும் கலக்கிற இடத்தில் உங்கள் லென்ஸ். ஏசியை முன்னாலேயே அணைத்துவிடுங்கள்.

ஆடியில் காற்று. தூசி, உப்பு, லென்ஸ் மாற்றவே கூடாது. பெரிய படங்கள் கிடைப்பது கஷ்டம், நான் அந்த மாதங்களில் போவது பார்க்கத்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். வெளிநாட்டுப் பறவைகளுக்காகக் கூட்டம் வரத் தொடங்கும், மானை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த வெளிச்சம் இப்போதுதான். மூடிய வானத்துக்குக் கீழே கறுத்த ரோமத்தின் ஒவ்வொரு இழையும் தெரியும், கானல் என்ற பேச்சே இல்லை, தேங்கிய தண்ணீரில் நிழல் விழும். ஆனால் புல்வெளி பல இடத்தில் மூழ்கிவிடும், மான்கள் கிடைத்த மேட்டில் ஒதுங்கி நெருங்கி நிற்கும். அப்போது அவற்றுக்கு ஓட வேறு இடம் இல்லை என்பதை மறக்காதீர்கள். மேட்டில் நிற்கிற மந்தையை நெருங்கினால் அது தண்ணீருக்குள்தான் இறங்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது, மான்களும் குதிரைகளும் செத்துக் கரையில் கிடந்தன. அதற்கு அடுத்த தையில் போனபோது, எனக்குத் தெரிந்த கொம்புகளில் பாதியை நான் பார்க்கவில்லை. அந்தக் காலத்துக்குப் பிறகு மழை மாதங்களில் தடத்தை விட்டு நான் இறங்குவதே இல்லை.

குட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிறந்த குட்டியைத் தாய் புல்லில் படுக்க வைத்துவிட்டுத் தள்ளி நின்று மேயும். குட்டி அசையாமல் கிடக்கும், அநாதை என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். நான் ஆரம்ப காலத்தில் ஒரு தப்புச் செய்தேன். மேயாமல், ஓடாமல், வேறெங்கோ பார்ப்பது போல நின்ற ஒரு பெண் மானைப் பார்த்ததும் பக்கத்தில் குட்டி இருக்கிறது என்று புரிந்துவிட்டது, தேடிப் போனேன். கிடைத்தது. கழுத்தைத் தரையில் நீட்டிக் கிடந்தது, காதுக்குள் ஓடுகிற நரம்புகூடத் தெரிந்தது. பத்து நிமிஷம் எடுத்திருப்பேன். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு காக்கை எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தன, அவற்றுக்குப் பின்னால் புல் ஓரத்தில் ஒரு நரி, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தாய் காலைத் தட்டிக்கொண்டே நின்றது. நான் நடந்து வந்த தடம், நான் நின்ற இடம், எல்லாம் அந்த நரிக்கு வழிகாட்டி. அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டியதில்லை. இப்போது அப்படி ஒரு தாய் நிற்பதைப் பார்த்தால், எந்தப் பக்கம் அது பார்க்கவில்லையோ அந்தப் பக்கத்தை விட்டு விலகிப் போய்விடுவேன்.

லென்ஸ். 300 போதும், அதில் மான் மட்டும் இருக்கிற படத்தை எதிர்பார்க்காவிட்டால். வெளிமான் என்பதே வெளியில் நிற்கிற மான்தானே, சுற்றிலும் புல்லும் வானமும் இருந்தால்தான் அது என்ன விலங்கு என்று படம் சொல்லும். ஃபிரேமில் ஆறில் ஒரு பங்கு மான், மீதி நிலம், அப்படி யோசித்துப் பாருங்கள். முகம் மட்டும் வேண்டும் என்றால் 500, 600 தேவைதான். அதற்கு வாடகைக்கு எடுத்தால்கூடப் போதும், கடன் வாங்கி வாங்குகிற விஷயம் இல்லை. மூன்று கால் ஸ்டாண்டை விட, ஜன்னலில் வைக்க மணலோ அரிசியோ நிரப்பிய ஒரு துணிப்பை நல்லது.

வெளிச்ச அளவில் இந்த மான் எல்லாரையும் ஏமாற்றும். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். வெளுத்த புல்லுக்கு நடுவே சின்னதாக நின்றால் கேமரா புல்லைப் பார்த்துக் கணக்குப் போட்டு மானை மைக்கறுப்பாக்கிவிடும். ஃபிரேமை நிறைத்து நின்றால் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி, கண் வளையத்தையும் வயிற்றையும் வெள்ளைக் காகிதம் மாதிரி எரித்துவிடும். எரிந்த வெள்ளை திரும்ப வராது, ஆனால் ரா ஃபைலில் (கேமரா சுருக்காமல் வைக்கிற மூலப் பதிவில்) எடுத்திருந்தால் கறுப்புக்குள் இருக்கிற விவரத்தைக் கொஞ்சம் மீட்கலாம். ஆகவே எப்போதும் வெள்ளையைக் காப்பாற்றுகிற மாதிரி அளவு வையுங்கள், கேமரா காட்டுகிற வெளிச்ச வரைபடம், அதாவது ஹிஸ்டோகிராம், வலது ஓரத்தை முட்டாமல். அப்புறம் கண். கறுத்த முகத்தில் கறுத்த கண், அதில் ஒரு வெளிச்சப் புள்ளி விழாவிட்டால் மான் உயிரில்லாத மாதிரி இருக்கும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அவன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புகிற கணத்துக்குக் காத்திருங்கள். துள்ளலுக்கு ஷட்டர் 1/2000 நொடி அல்லது அதைவிட வேகமாக, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். எந்த மான் துள்ளும் என்று தெரியாதே என்பீர்கள். தெரியும்: ஓடுகிற மந்தை ஒரு வாய்க்காலையோ வண்டித்தடத்தையோ தாண்ட வேண்டியிருந்தால் முதல் மான் துள்ளிய அதே இடத்தில்தான் பின்னால் வருவதில் பாதி துள்ளும். முதலாவதை விட்டுவிட்டு அந்த இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். மந்தை தானாக இடம் மாறும்போது மட்டும். துள்ளல் வேண்டும் என்று ஹார்ன் அடித்து விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு அது, விரட்டுவது குற்றம் என்பது ஒரு பக்கம், வெயிலில் விரட்டப்பட்ட மான் ஓடி முடித்த பிறகும் தசை கெட்டுச் சாகக்கூடும் என்பது இன்னொரு பக்கம்.

கோடியக்கரை தூரம் என்றால் தூத்துக்குடிப் பக்கம் வல்லநாடு, மாயாற்றுப் பள்ளத்தாக்கு, சென்னையிலேயே கிண்டி. கிண்டி வெறும் 2.7 சதுர கிலோமீட்டர், வெட்டவெளி குறைவு, ஆனால் மானின் நடவடிக்கையைக் கற்றுக்கொள்ள நல்ல இடம். ஒரு தடவையாவது குஜராத்தின் வேளாவதர் போய் வாருங்கள், ஒரே திடலில் பல ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் இடம் பிடித்து நின்று பெண்களுக்காகக் காத்திருப்பதை அங்கே பார்க்கலாம். ஆனால் நாலு இடத்துக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட ஒரே இடத்துக்கு நாலு பருவத்திலும் போங்கள் என்பேன். அடுத்த தடவை கோடியக்கரைக்குப் போகும்போது முதல் நாள் காலையில் படம் எடுக்காமல் புழுக்கைக் குவியல் எங்கே இருக்கிறது, புதுசா பழசா, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று மட்டும் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடிவதற்கு முன்னால் செக்போஸ்ட்டில் நில்லுங்கள், திறந்ததும் நேராக அந்த இடம், இன்ஜினை அணைத்துவிட்டு உட்காருங்கள்.